இரண்டு விரல் மிச்சம்

“குந்து பாவா. இன்னும் கொஞ்சம் கீழ குந்து. தலை பலகையில முட்டுது பாரு.”

ஞானத்தின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பரந்தாமன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்தான். இடுப்புக்கு மேல் உப்புத் தண்ணீர். அவள் பலகைகளை இழுத்து மூடினாள். தெருமுனையில் நைனாவின் சைக்கிள் மணி மறுபடி கேட்டது.

பரந்தாமன் அவளுடைய அத்தை மகன், நைனாவின் கூடப்பிறந்தவள் பிள்ளை. பாகம் பிரித்த நாளிலிருந்து நைனாவும் அத்தையும் முகம் பார்ப்பதில்லை. “அந்த வீட்டு ஆளு என் வாசப்படி மிதிச்சா காலை ஒடிச்சிடுவேன்” என்று நைனா தறிக்கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஞானத்துக்குப் பூ வைக்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, “உன் நைனா கிட்ட நானே கேக்கறேன்” என்று வந்து நின்றான் பரந்தாமன். அம்மா மலைக் கோயிலுக்குப் போயிருந்தாள். சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைக்கு அந்தத் தைரியம் போன இடம் தெரியவில்லை.

அந்த வீட்டில் ஆள் ஒளிய வேறு இடமும் இல்லை. கூடம் முழுக்க நைனாவின் கடல் மீன் தொட்டிதான். மெட்ராசுக்கு லுங்கி ஏற்றிப் போகும் வண்டி, திரும்பும்போது பீப்பாயில் கடல் தண்ணீர் கொண்டுவரும். மேலே கண்ணாடித் தொட்டி. கீழே, கைத்தறி இருந்த காலத்துத் தறிக்குழியைப் பெரிதாக்கிச் சிமெண்டு பூசிய இன்னொரு தொட்டி. மேலேயிருந்து வழியும் தண்ணீர் குழிக்கு வந்து தெளிந்து, மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறும்.

“இம்மாம் பெரிய குழி எதுக்குங்க? பாதி போதும்” என்று கொத்தனார் கஜபதி சொன்னபோது நைனா ஒத்துக்கொள்ளவில்லை.

“கரண்ட் போச்சின்னா மேல இருக்கிற தண்ணி கொழாய் வழியா கீழ எறங்கும்யா. அது வந்து நிக்க எடம் வேணாமா?”

குடம் குடமாக ஊற்றி அளந்து கட்டினார். மோட்டார் நின்றால் குழித் தண்ணீர் மெல்ல ஏறி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நிற்கும். ஒரு சொட்டு வெளியே வராது.

பலகையை மூடிய பிறகுதான் ஞானத்துக்கு இன்னொன்று நினைவு வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இரும்புக் குழாய் குழித் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. “பழைய மோட்டாரும்மா, எப்ப ஷாக் அடிக்கும்னு அதுக்கே தெரியாது. அது ஓடச்சொல்ல தண்ணியில வெரல் வெச்சிடாத. உப்புத் தண்ணி, ஆளையே இழுத்துக்கும்” என்று நைனா எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

பாவம், அந்தப் பெண் மோட்டாரை நிறுத்த ஓடினாள். சுவிட்சுக்குக் கை நீட்டினாள். அதற்குள் நைனா வாசலுக்கு வந்துவிட்டார்.

வாசலில் பரந்தாமனின் செருப்பு கிடந்தது. அதை அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

நைனா அந்தச் செருப்பைத் தாண்டி உள்ளே வந்தார். ஈரம் சொட்டும் அவள் புடவை ஓரத்தை ஒருதரம் பார்த்தார். “வெயிலு தாங்கல” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் பின்கட்டுக்கு விடுவிடுவென்று போனார்.

ஃபேன் நின்றது. மோட்டார் அடங்கியது. அடுத்த வீட்டு விசைத்தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. 

முருகா, பிழைத்தான் என்று அவள் நினைத்த மறுநொடி, குழாய்க்குள் களகளவென்று தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

நைனா திரும்பி வந்து, குழிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கரண்ட் போயிடுச்சி நைனா. நீங்க தெருப்பக்கம் காத்தாட குந்துங்களேன்.”

“ஆங்.” அவர் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் இந்நேரம் மார்புக்கு வந்திருக்கும். இந்நேரம் கழுத்துக்கு. பலகையை எடுத்தால் கால் போகும், எடுக்காவிட்டால் உயிர் போகும். அவள் வாயைத் திறப்பதற்குள், பலகை இடுக்கில் தண்ணீர் தளும்பி வழிந்து நைனாவின் காலை நனைத்தது.

“குழி வழியுதே” என்றார்.

“மேல தண்ணி ஜாஸ்தியா இருந்திருக்கும், நைனா.”

“காலையிலதான் பாத்தேன். அளவு சரியா இருந்திச்சி. உள்ள எதனா வுழுந்துச்சா?”

“மீனு ஒண்ணு… குதிச்சிடுச்சி போல.”

நைனா தரையில் பரவும் ஈரத்தை நிதானமாகப் பார்த்தார். “இவ்ளோ தண்ணி வழியணும்னா, அஞ்சரை அடி மீனா இருக்கணுமே.”

பலகை இடுக்கிலிருந்து யாரோ மூச்சுக்குத் தவித்து இருமினார்கள்.

நைனா எழுந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையை இழுத்து எறிந்தார். பரந்தாமனின் முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. உப்பில் கண் இரண்டும் சிவந்திருந்தன. நைனாவின் கை ஓங்கிக்கொண்டு போனது. ஞானம் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அறை விழும் சத்தம் கேட்கவில்லை. விரலிடுக்கில் பார்த்தாள். அந்தக் கை பரந்தாமனின் தோளைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

“கரண்ட் போனதால மாட்டிகினேன், மாமா” என்றான் அவன், பல் கிட்ட.

“கரண்ட் எங்க போச்சி? மோட்டாரு உன்ன இழுத்துக்கும்னு நான்தான் பின்கட்டுல மெயினை அணைச்சேன், மாப்ள.”