விடச் சொல்லும் வரி

எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டியின் வெளிச்சம், மேசைமேல் இருக்கும் இரண்டு புத்தகங்கள் மீதும் பாரபட்சமில்லாமல் விழுகிறது. ஒன்று தடி, அதைத் தூக்கி வந்த வார்டு அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொன்று விசிறிக்கொள்ளத்தான் லாயக்கு. ஆசிரியை இன்று பாடநூலாக எதைத் தேர்ந்தெடுக்கிறாளோ, அதைத்தான் எக்ஸ்ரே மாணவர்கள் இனி வேதவாக்காக நம்பி நோயாளிகளை நிறுத்துவார்கள், படுக்கவைப்பார்கள், திருப்புவார்கள். "தடியே இருக்கட்டும் டீச்சரம்மா. படிக்காட்டியும் தலைக்கு வெச்சுக்கலாம்" என்கிறார் அண்ணன். அவள் இரண்டிலும் நெஞ்சுப் படம் எடுக்கும் பக்கத்தைத் திறக்கிறாள். "மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லவும்; படம் எடுக்கவும்" என்று தடிப் புத்தகம் முடித்துக்கொள்கிறது. ஒல்லிப் புத்தகத்தில் ஒரு வரி கூடுதல்: "பிறகு மூச்சை விடச் சொல்லவும்." அவள் விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் சொல்ல மறந்தது அதைத்தான். படம் நன்றாக விழுந்த பூரிப்பில் அவள் இருக்க, சொல் தட்டாத ஒரு பெரியவர் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டார். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் பலூன்போலப் பறந்து கூரையில் முட்டியிருப்பார். "விடுங்கய்யா, விடுங்க!" என்று ஓடிவந்து முதுகில் தட்டியவர் இந்த அண்ணன்தான். இருபது வருடமாக அண்ணன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவள் படிவத்தில் ஒல்லிப் புத்தகத்தின் பெயரை எழுதி, அந்த வரியை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். அண்ணன் படிக்கிறார். உடனே மோவாயை உயர்த்தி, கன்னம் உப்ப, படத்துக்கு நிற்பவர்போல விறைத்து நிற்கிறார். "விடுங்கண்ணே" என்கிறாள். அவர் விட்ட காற்றில் தடிப் புத்தகம் தானாக மூடிக்கொள்கிறது.