பார்க்கலாம் சாரின் கிரகம்

"வந்தாலும் சரி, வராட்டியும் சரி மேடம். சாயங்காலம் நான் கிளம்பிடுவேன்" என்று டிராயரை வாரி அட்டைப்பெட்டியில் கொட்டினாள் அவள்.

"யாரு, மாப்பிள்ளையா?" என்று கண்ணடித்தார் தலைமை விஞ்ஞானி மேடம்.

"கிரகம் மேடம்! உங்களுக்கு எப்பவும் விளையாட்டுதான்."

எங்கோ ஒரு நட்சத்திரம், அச்சு அசல் நம் சூரியன் மாதிரியே. வருஷத்துக்கு ஒரு முறை ஏதோ ஒன்று அதன் குறுக்கே போக, வெளிச்சம் துளி மங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு அலுவலகமே தலைகால் புரியாமல் ஆடியது, ஒரே ஒரு மனிதரைத் தவிர.

அவர்தான் பக்கத்து நாற்காலி 'பார்க்கலாம்' சார். முதல் தடவை மங்கியபோது, "தற்செயலா இருக்கும், பார்க்கலாம்" என்றார். மறு வருஷம் மங்கியபோது, "கொஞ்சம் சந்தேகமா இருக்கு, பார்க்கலாம்" என்றார். குறித்த நேரத்துக்கு மூன்றாவது தடவையும் மங்கினால்தான் அது கிரகம் என்பது தொழில் விதி. அந்த நேரம் இன்று மத்தியானம். மனுஷன் வீட்டைப் பூட்டினால்கூட இழுத்து இழுத்துப் பார்க்கிற ரகம்.

இந்த மரக்கட்டை மேல் போய் மனசை வைத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்! லிஃப்டில் ஒரு நாள், "உங்களைப் பிடிச்சிருக்கு" என்று துணிந்து சொல்லிவிட்டாள். மனிதர் காது சிவக்க, வேறு ஏதோ மாடியில் இறங்கி ஓடிவிட்டார். அப்புறம் ஒரு நாள் கேன்டீனில் சொன்னாள். காபியில் உப்பைப் போட்டுக் கலக்கி, முழுசாகக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பிடிக்காத இடத்தில் எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது? வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் பார்க்கலாம் சார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருன்னு சொல்ல இங்க யாரு இருக்கா?"

"மத்தியானம் வரைக்கும் இருங்களேன்... பார்க்கலாம்."

அவளுக்கு அப்படியே பெட்டியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தாள். திரையில் வெளிச்சக் கோடு அசையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இறங்குது! ஐயோ, இறங்குதுடீ!" என்று அலறினார் மேடம்.

கோடு சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவுக்குச் சரிந்தது. மேடம் செருப்பை உதறிவிட்டு நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். அவள் பெட்டியைத் தட்டிவிட்டு, பார்க்கலாம் சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சுற்றோ சுற்றென்று சுற்றினாள். சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

"கிரகம்தான் சார்! இப்பவாவது நம்புறீங்களா? உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, மேடம் முன்னாலேயே மானம் கப்பலேறிவிட்டது.

மனிதர் கையை விடுவித்துக்கொண்டார். வேர்த்து விறுவிறுத்துப்போய் ஃபோனை எடுத்தார். கிரகத்தைப் பற்றி மேலிடத்துக்குச் சொல்லப் போகிறார், வேறென்ன! அவள் குனிந்து, சிதறிய சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அம்மா! அவ மூணாவது தடவையும் சொல்லிட்டா!"