மூச்சு விட்ட செயின்

அந்த சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. சுற்றும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தினால்தான் நிற்கும். அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் செயினோ நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டே வந்தது.

“தம்பி, ரொம்பத் தொங்குறியே. கொஞ்சம் சத்தம் போடு, நம்மள ஓட்டுறவரு இறுக்கி விடுவாரு” என்றது பின்னாலிருந்த பல்சக்கரம்.

“போங்கண்ணே, இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடுறேன்” என்றது செயின்.

மறுநாள் பாலத்து இறக்கத்தில் ஒரு குலுக்கலில் செயின் கழன்றது. பெடல் சும்மா சுற்ற, ஓட்டிவந்த தணிகாசலம் அலறிக்கொண்டே ஒரு காய்கறிக் கடைக்குள் புகுந்து, பூசணிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். நல்லவேளை, அடி ஏதுமில்லை.

சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்த செயின் எரிச்சலோடு கேட்டது: “நான் ஒருத்தன் இல்லேன்னா, இங்க யாருக்குமே நிக்கத் தெரியாதா?”