ஒரு சொட்டு ஆயில்

கோலார் தங்க வயலில், பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில், ஜெயமேரியின் வேன் ஜாக்கியின் மேல் நிற்கிறது. மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு இத்தனை வருஷம் ஆள் ஏற்றிய வண்டி. அதன் புகை ஊரைக் கெடுக்கிறதாம். உடைத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். யார்டு ஆள் உதய் அடியில் படுத்துக் கறுத்த ஆயிலைத் தட்டில் பிடிக்கிறான். ஒரு சொட்டு தவறி மண்ணில் விழுகிறது. அவன் பதறி எழுந்து அந்த மண்ணைச் சுரண்டி டிரம்மில் போட்டு மூடுகிறான். “இன்னாப்பா, ஒரு சொட்டுக்கா?” என்கிறாள் ஜெயமேரி. “மண்ணு கெட்டுடும்க்கா. ரூல்ஸ் அப்படி. பார்த்தாங்கன்னா யார்டையே மூடிடுவாங்க.”

காற்று திரும்புகிறது. வேலிக்கு அந்தப் பக்கம், தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு கழிவு மேட்டிலிருந்து சாம்பல் நிறத் தூசி கிளம்பி வருகிறது. ஜெயமேரியின் கை தானாக முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்துகிறது. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேனின் கண்ணாடியில், உதயின் தலைமுடியில், டிரம்மின் மூடியில் தூசி படிகிறது. “ஒரு பிடி மண்ண அள்ளிட்ட,” என்கிறாள் முந்தானைக்குள்ளிருந்து, மேட்டைக் காட்டி. “அத்த எப்பப்பா அள்ளுவீங்க?” உதய் அந்தப் பக்கம் பார்க்காமல் டிரம்மின் மூடியைத் துணியால் துடைக்கிறான். துணியில் ஒட்டிய தூசியை எங்கே போடுவது என்று ஒரு கணம் நிற்கிறான். பிறகு சொட்டு விழுந்த அதே மண்ணில் உதறுகிறான்.