மொட்டைச் சுவர்

"வரப்போற சீசன்ல மொட்டைச் சுவர்தான் ஃபேஷன், ஐயா. போட்டோ, காலண்டர், கடிகாரம் எதுவும் தொங்கக் கூடாது" என்றார் வீட்டு அலங்காரக்காரர், மடிக்கணினியைப் பெரியவர் பக்கம் திருப்பியபடி.

நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்த பெரியவர், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார். "என்ன கலர் இது? துவைச்சுத் துவைச்சு வெளுத்த சட்டைக் காலர் மாதிரி இருக்கு."

"காளான் நிறம்னு பேரு. உலகம் பூரா இதான் ஓடுது."

"உலகமே ஓடும்போது நான் மட்டும் நின்னு என்ன பண்ணப்போறேன்? அடிங்க."

மகன் வாய்விட்டுச் சிரித்தான். தேவைக்கு மேலேயே சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் காரணம் அலங்காரக்காரருக்குத் தெரியும். விற்பனைக்கு வரும் வீடுகளை ஒழுங்கு செய்து கொடுப்பது அவர் தொழில். குடியிருந்தவர்களின் அடையாளம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அப்போதுதான் பார்க்க வருகிறவர்களுக்கு அது தங்கள் வீடாகத் தோன்றும்.

மகனும் மருமகளும் அடுத்த மாதம் வெளிநாடு போகிறார்கள். அப்பாவுக்கு முதியோர் இல்லத்தில் அறை எடுத்தாயிற்று. அவரிடம் சொல்லியிருப்பது வேறு: "உங்களுக்காகத்தான் வீட்டைப் புதுசாக்கறேன்பா. பெயின்ட் வாசனை உங்க மூச்சுக்கு ஆகாது. ரெண்டு வாரம் வெளியில தங்கிட்டு வந்துடலாம்."

"விஷயம் தெரிஞ்சா மனுஷன் இடத்தை விட்டு நகரமாட்டார் சார். என் மூஞ்சியிலயும் முழிக்கமாட்டார். கார்ல ஏத்தற வரைக்கும் வாய் தவறிடாதீங்க" என்று மகன் போனிலேயே கெஞ்சியிருந்தான்.

அலங்காரக்காரர் அறை அறையாக நடந்தார். பெரியவர் கூடவே வந்தார். தையல் மெஷின் கூடாது. பழசையும் புதுசையும் கலப்பது போன சீசனோடு போயிற்று. கண்ணாடி வைத்த பீரோ கூடாது; அறை அடைசலாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஃபேஷன் என்று ஒரு பொய் கைவசம் இருந்தது.

கூடத்தில் பெரியவரின் மனைவி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை மட்டும் அலங்காரக்காரர் பார்க்காததுபோலத் தாண்டிப் போனார்.

"இவளும் ஃபேஷன் இல்லதானே?" என்று பெரியவரே கேட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். "இவ இருந்திருந்தா உங்களை வாசப்படி ஏற விட்டிருக்கமாட்டா. நாலு வருஷம் யோசிச்சு ஒரு திரைச்சீலை வாங்கினவ."

படத்தைத் துண்டில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்தார்.

"ரெண்டு வாரத்துக்கு அம்மா போட்டோ எதுக்குப்பா?"

"இங்கயே விட்டா தூசி படியும்டா."

பிறகு, படம் இருந்த சுவரை மேலிருந்து கீழாகக் கையால் தடவினார். "இடுப்பு உயரத்துக்காவது கழுவற பெயின்ட்டா அடிங்க, தம்பி. குழந்தைங்க பென்சிலால கிறுக்கும்."

மகன் திரும்பிப் பார்த்தான். "இந்த வீட்டுல ஏதுப்பா குழந்தை?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மகன் அலங்காரக்காரரின் காதருகே குனிந்தான். "இப்பல்லாம் இப்படித்தான் சார். சம்பந்தா சம்பந்தமில்லாம எதையாவது பேசறார்."

அலங்காரக்காரர் உச்சுக்கொட்டினார். ஒரு வகையில் அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. புரியாமலே போய்விடுவார்.

கார் வந்தது. மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். "ரெண்டே வாரம்பா! அப்புறம் உங்க வீடு உங்களுக்கே அடையாளம் தெரியாது, பாருங்க."

"தெரியாதுடா" என்றார் பெரியவர்.

செருப்பை மாட்டியவர் சட்டென்று அதைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பினார். அலங்காரக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனார்.

"இந்தக் குழாய் நானே மாட்டினது. தையக்காரன் கொழாய் வேலை பார்த்தா எப்படி இருக்கும்? இடம் வலம் மாறிப்போச்சு. நீலத்தைத் திருகினா வெந்நீர் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். எங்களுக்குப் பழகிப்போச்சு, அப்படியே விட்டுட்டோம்."

"கவலைப்படாதீங்க, ஐயா. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. பெரியவர் அந்தப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மகன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டை வாங்கறவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க, தம்பி."