நடுவில் உள்ள வீடு

கல்யாணத்துக்குக் கூப்பிடப் போன பெண்கள் இரண்டு கூட்டமும் என் வீட்டு முக்கில் சந்தித்து, சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் புதுச் சேலை உடுத்திக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

என் தம்பி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை.

வாசலுக்கு வந்து வாயால் கூப்பிடாத கல்யாணத்துக்கு எங்களில் யாரும் போக மாட்டார்கள். கூடப்பிறந்தவளுக்கும் அதேதான். மீறிப் போனால் சோற்றுக்கு வந்தவள் என்பார்கள்.

தென்காசியில் எங்களுக்கு இருநூறு வீட்டுச் சொந்தம். போன கல்யாணத்தில் ஒரே கூட்டமாகப் போய், கூப்பிட்டு முடிக்க மூன்று நாள் ஆனது. சாரலில் வெள்ளைத் துப்பட்டியெல்லாம் சேறு.

இந்தத் தடவை யோசனை சொன்னது நான்தான். பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு கூட்டம், ஆற்றுப் பக்கமிருந்து ஒரு கூட்டம். ஆளுக்கொரு பட்டியல். அதையும் நானே எழுதிக் கொடுத்தேன். தம்பி பெண்டாட்டி ஜாஹிரா ஒன்றை வாங்கிக்கொண்டாள், அவள் தங்கை மற்றதை.

ஒரே நாளில், சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே முடித்துவிட்டார்கள். கெட்டிக்காரிகள்.

அந்தப் பெண் தொட்டிலில் கிடந்தபோதே என் மகன் மசூதுக்கு என்று தம்பி வாக்குக் கொடுத்திருந்தான். மசூது தறி நெய்கிறவன். கொழும்புக்காரன் வந்ததும் வாக்கு காற்றோடு போயிற்று.

வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சம்பந்தம் போனாலும் தம்பி உறவாவது மிஞ்சட்டும் என்றுதான் உட்கார்ந்து அத்தனை பேரையும் எழுதினேன்.

பக்கத்து வீட்டு ஷமீம் பானு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். என் சேலையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மறந்திருப்பாவ மாமி. நடுவுல உள்ள வீடுல்லா. அவிய கூப்பிட்டிருப்பாவன்னு இவிய நெனச்சிருப்பாவ, இவிய கூப்பிட்டிருப்பாவன்னு அவிய நெனச்சிருப்பாவ."

"ஆமாட்டி, மறதிதான்" என்றேன். தம்பியை அவளிடம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சேலையை மாற்ற உள்ளே போனேன்.

வேலையை இரண்டாகப் பிரித்தால் நடு வீடு விட்டுப்போகும் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அதனால்தான் என் வீட்டை இரண்டு பட்டியலிலும் எழுதியிருந்தேன்.