கொஞ்சம் சார்ஜ்

"தாத்தா, உங்க போன்லேர்ந்து கொஞ்சம் சார்ஜ் எடுத்துக்கட்டுமா?"

எதிர் சீட்டுப் பெண் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பார் என்ற கடலோர நகரிலிருந்து பெல்கிரேட் போகும் ரயில். மலைச் சுரங்கத்துக்கு வெளியே வெகு நேரமாக நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் ஒரு பிளக் பாயிண்ட்கூட வேலை செய்யவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் வுகோசாவின் மனைவிக்கு பெல்கிரேடில் இதய ஆபரேஷன். டாக்டரிடமிருந்து போன் வர வேண்டும். அவர் போனோ, பேட்டரி தீரப்போகிறது என்று கத்திக்கொண்டிருந்தது. இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

"உனக்கே இது நல்லா இருக்கா? அவரே ஒரு போனுக்காகத் தவிச்சிட்டிருக்காரு," என்றேன்.

"தெரியும் சார். ஆனா எனக்கு ரொம்ப அவசரம்."

"நீ சும்மா இருப்பா," என்று பெரியவர் என்னை அடக்கினார். காலையிலிருந்து அப்படித்தான். நான் நீட்டிய காபியைத் தொடவில்லை. 'என் வயசுல வாங்கிக் குடிக்கிறதா? நான்தான் கொடுக்கணும்' என்று தன் ரொட்டியையும் உப்புக்கண்டத்தையும் எங்கள் மடியில் திணித்தவர். "சின்னப் பொண்ணு வாய்விட்டுக் கேட்டு இல்லைன்னு சொன்னா, எங்க ஊர்ல எவனாவது என் முகத்துல முழிப்பானா? எடுத்துக்கோ கண்ணு."

"பேட்டரி கத்துதே, பெரியவரே!"

"அது என் சம்சாரம் மாதிரி. சும்மாவே கத்தும்."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஒரு குட்டை வயரை எடுத்து இரண்டு போன்களையும் இணைத்தாள். இப்படி இணைத்தால் எது கொடுப்பது, எது வாங்குவது என்று திரையில் கேட்கும். அவள் யோசிக்காமல் ஒன்றைத் தொட்டாள். சட்டென்று தன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

திருட்டு முழி என்று நினைத்தேன். எழுந்து நடைவழியில் போய் நின்றேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். வயரைப் பிடுங்கி எறியலாமா? அவர் பொருள், அவர் கொடுக்கிறார். நடுவில் நான் யார்?

"இன்னுமா உறிஞ்சி முடிக்கலை?"

"இன்னும் கொஞ்சம் சார்," என்றாள், தலை நிமிராமல்.

ஒருவழியாக ரயில் நகர்ந்தது. உஷித்சே ஸ்டேஷனை நெருங்கும்போது பெரியவரின் போன் அடித்தது.

அவள் வயரைக் கழற்றி போனை அவரிடம் நீட்டினாள். "சொல்லுங்க டாக்டர்... ஆமா... ஆமா..." போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"பிழைச்சிட்டா! கண்ணு முழிச்சதும் எங்க அந்தக் கிழவன்னு கேட்டாளாம்!"

அழுதுகொண்டே பிளம் சாராயத்தைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினார்.

அந்தப் பெண் வயரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் இறங்கணும். ரொம்ப உபகாரம் தாத்தா. நீங்க கொடுக்கலைன்னா என் பாடு திண்டாட்டம்தான்."

"போய்ட்டு வா கண்ணு."

அவள் போனதும் பெரியவர் என் மூக்குக்கு நேரே போனை நீட்டினார். "பார்த்தியா, கஞ்சப்பயலே! அவளுக்கு அவ்வளவு கொடுத்தும் பேட்டரி பாதிக்கு மேல இருக்கு!"

பார்த்தேன். ஜன்னலுக்கு ஓடினேன்.

பிளாட்பாரத்தில் அவள், செத்துப்போன தன் போனைக் காட்டி ரயில்வே ஊழியர் ஒருவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒரே ஒரு கால் பண்ணிக்கட்டுமா? வண்டி லேட்டானதுல எங்கம்மா பதறிக்கிட்டிருப்பாங்க..."